மெல்ரோய் அடித்த துக்கமணி

நாவல்துறைக் கத்தோலிக்கக் கோயிலில் மணி அடிப்பவர் பெயர் மெல்ரோய். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள். கோயில் பணியாளரை அங்கே சங்கிலித்தாம் என்று சொல்வார்கள். கோயிலைத் திறப்பது, மெழுகுதிரி கொளுத்துவது, பூசைக்கு உடுப்பு எடுத்து வைப்பது, மணி அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மிச்ச நேரத்தில் ஓட்டோ ஓட்டுவார். இடது காது மந்தம். மணிக்குக் கீழே நின்று நின்று அப்படி ஆனது என்பார். கேட்க விருப்பமில்லாத கதை வந்தால் அந்தக் காதைத்தான் திருப்புவார்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ‘அவர் நல்ல மனிதர்’ என்று தொடங்கி, உடனே வெட்டிவிட்டேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆகவே அவரை முதலில் கண்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். கோயில் மதிலோரம், வேம்பின் நிழலில், ஓட்டோவின் பின் இருக்கையில் கால் இரண்டையும் வெளியே நீட்டிப் படுத்திருந்தார்.

நான் அப்போதுதான் நாடு திரும்பியிருந்தேன். பயணக் கப்பல்களில் கொஞ்சக் காலம், பிறகு லிஸ்பனில் ஒரு விடுதி, பிறகு ஜோர்ஜியா, பிறகு எங்கெங்கோ. எந்த ஊரிலும் வேர் பிடிக்கவில்லை. திருகோணமலைப் பக்கம் கப்பல்துறையில் அப்பாவின் வீட்டுக்கு வந்து பெட்டியைக்கூட முழுதாகத் திறக்கவில்லை, திரும்பவும் ஊர் சுற்றக் கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. போன இடங்களிலெல்லாம் கோயில் மணிச் சத்தத்தைப் பதிந்து வைப்பது என் பழக்கம். கைக்குள் அடங்கும் ஒரு ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்தேன். படம் எல்லாரும் எடுப்பார்கள், சத்தம் எடுப்பவர்கள் குறைவு என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

நாவல்துறையில் பழைய மிஷன் கட்டடங்கள் இருக்கின்றன என்று அப்பாதான் சொன்னார். “சும்மா வீட்டுக்குள்ள நடந்து திரியாம அங்க போய்ப் பாரன்.” கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி, மூதூர்ப் பக்கம் போய், கடலை நோக்கித் திரும்பினால் ஒரே ஒரு தெரு. பிரெஞ்சுப் பாதிரிச் சுவாமிமார் கட்டிய கோயில், வளைவுகள் வைத்த கன்னியர் மடம், ஓடு போட்ட சுவாமி பங்களா, அச்சுக்கூடமாக இருந்து இப்போது உரமூட்டை அடுக்கும் நீளமான கட்டடம். எல்லாம் கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும். உப்புக் காற்றில் அரித்த இடங்களில் சிப்பியும் சங்கும் வெளியே தெரியும்.

“அண்ணன், கோயில் பாக்கலாமோ?”

ஒரு கண்ணைத் திறந்தார். “பூட்டியிருக்கு.”

“திறப்பு ஆரிட்ட?”

“என்னட்டத்தான்.” எழும்பி உட்கார்ந்தார். “கொஞ்சம் நில்லுங்கோ தங்கச்சி, சேட்டை மாத்திப்போட்டு வாறன்.”

உடுத்தியிருந்த சட்டைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கோயிலைத் திறப்பதென்றால், மணிக்கயிற்றைத் தொடுவதென்றால், அவருக்கு வெள்ளைச் சேட்டு வேண்டும். அது ஓட்டோவின் முன்னால், ஒரு துணிப்பைக்குள் மடித்து எப்போதும் இருக்கும்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சுவரின் தடிப்பைக் காட்ட இரண்டு கையையும் விரித்தார். “இந்தச் சுவருக்குள்ள போன் வேலை செய்யாது. சுவாமிமார் அப்பவே யோசிச்சுக் கட்டியிருக்கினம், பிரசங்கத்துக்குள்ள ஒருத்தருக்கும் அழைப்பு வராமல்.” அந்தப் பகிடியை வருகிற எல்லாருக்கும் சொல்லியிருப்பார் என்று தெரிந்தது. ஆனாலும் சிரித்தேன். அவரும் புதிதாகச் சொன்னவர்போலச் சிரித்தார்.

பிறகு மடத்தைக் காட்டக் கூட்டிப் போனார். மடத்துக்கு அடுத்த வீட்டு விறாந்தையில், பிளாஸ்ரிக் கதிரையில் தலையணை வைத்து ஒரு அம்மா இருந்தார். வீட்டுச் சட்டை உடம்பில் தொங்கியது. மடியில் வெள்ளைத் துணி ஒன்று, கையில் ஊசி.

“மெல்ரோய், ஆரது? வெள்ளைக்காரியோ?”

“இல்லையக்கா, கப்பல்துறைப் பிள்ளை.”

“அப்ப ஏன் முதுகில வீட்டைக் கட்டிக்கொண்டு திரியிறா?”

என் பையைத்தான் சொன்னார். பெயர் கேட்டார். அஞ்சலினா என்றேன். “கலியாணம்?” “இல்லை.” “நல்லது, அவசரப்படாத” என்று சொல்லிவிட்டு மெல்ரோயைப் பார்த்தார். “டேய், மாதா திருநாளுக்குப் பீடத்தில விரிக்கிற சீலை நான்தான் தைப்பன். வேற ஆரிட்டயும் குடுக்கச் சொல்லாத. அதுக்குள்ள எழும்பிடுவன்.”

“ஓமக்கா. ஆர் இல்லையெண்டது?”

தெருமுனையைத் தாண்டும்வரை மெல்ரோய் முன்னால் நடந்தார். பிறகு நல்ல காது என் பக்கம் இருக்கும்படி நடந்து, சின்னக் குரலில் சொன்னார். அது இன்பமலர் அக்கா. மடத்தில் தையல் வகுப்பு நடத்தியவர். நாவல்துறையில் ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்கள் எல்லாரும் அவர் கையால் குட்டு வாங்கியவர்கள்தான். மெல்ரோயின் அம்மா இறந்த பிறகு அவருக்குச் சோறு போட்டு வளர்த்தவரும் அவரே.

“குடல்ல புண் எண்டு அவவுக்குச் சொல்லியிருக்கு. அது புண் இல்லை, தங்கச்சி. கொழும்பில பாத்துப்போட்டு, வீட்டுக்குக் கொண்டு போங்கோ எண்டு விட்டவை.”

“அவவுக்குத் தெரியாதோ?”

“ஊர் முழுக்கத் தெரியும். அவவுக்கு மட்டும் தெரியாது. ஜெயகாந்தன் அண்ணர், அவவின்ர புருசன், ஒவ்வொருத்தரிட்டயும் கையைப் பிடிச்சுக் கேட்டவர், வாய் விடவேண்டாமெண்டு. மகள் றஜிதா டோஹாவில வேலை. அவளுக்கும் சொல்லேல்ல. அவள் திடுக்கெண்டு வந்து நிண்டா அக்காவுக்கு விளங்கிடுமெல்லே.”

இதையெல்லாம் முதல் நாள் சந்தித்த எனக்கு அவர் ஏன் சொன்னார் என்று பிறகு யோசித்திருக்கிறேன். ஊருக்குள் யாரிடமும் சொல்லி ஆற முடியாத விஷயம். எல்லாருக்கும் தெரிந்ததைப் பற்றி யாரோடும் கதைக்க முடியாமல் இருந்திருக்கிறார்.

திரும்பி வந்து மணிக்கூண்டுக்குள் நுழைந்தோம். சின்னக் கதவு, உள்ளே ஒரு ஆள் நின்று திரும்பும் அளவு இடம், மேலிருந்து தொங்கும் கயிறு, சுவரோரம் ஏணிப்படி. மணி பிரான்சில் வார்த்ததாம். நான் கருவியை எடுத்துக் காட்டியதும் அவர் முகம் மாறியது.

“மணிச் சத்தத்தையோ பதியிறீங்கள்?”

“ஓம். எல்லா ஊரிலையும் பதிஞ்சிருக்கிறன்.”

“படம் எடுக்க வந்தவை இருக்கினம். அளவெடுக்க வந்தவையும் இருக்கினம். மணியை ஒருத்தரும் கேட்டதில்லை.”

பூசைக்கு அடிப்பதுபோல் விரைவாக ஒருமுறை அடித்துக் காட்டினார். பதிந்தேன். ஆனால் சத்தம் ஒன்றுக்குமேல் ஒன்று ஏறி விழுந்தது. மணியின் குரல் தெரியவில்லை.

“அண்ணன், ஒவ்வொண்டா அடிப்பீங்களோ? ஒரு சத்தம் முழுசா அடங்கினாப்பிறகு மற்றது.”

கயிற்றைவிட்டுக் கையை எடுத்தார். “ஏலாது தங்கச்சி. அது துக்கமணி. ஆள் செத்தாத்தான் அப்பிடி அடிக்கிறது.”

நானும் கத்தோலிக்கப் பிள்ளைதான். துக்கமணி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதோடு, சற்று முன்னர்தான் விறாந்தையில் அந்த அம்மாவைப் பார்த்திருந்தேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

“இப்ப ஆர் அண்ணன் மணியைக் கேட்டுச் சாவை அறியிறது?”

அந்த ஒரு கேள்வி அவருக்குப் பட்டது. “அதுவும் மெய்தான். போனமுறை செத்தவீட்டுக்கு நான் சேட்டு மாத்தி, வந்து, கயிறைப் பிடிக்க முந்தி மலர்வளையம் வந்திட்டுது. எல்லாம் வாட்ஸ்அப்பில. நான் அடிக்கிறது சும்மா ஒரு வழக்கத்துக்கு.” அதைச் சொன்ன விதத்தில் ஒரு மனக்குறை இருந்தது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

“அப்ப அடியுங்கோவன்.”

“நில்லுங்கோ. குழுவில ஒரு செய்தி போடுறன். பிறகு ஒருத்தரும் குழம்பமாட்டினம்.”

அந்தக் கோயிலின் பங்கு மக்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. அதற்குள் இல்லாத வீடு இல்லையாம். அவர் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பேசத் தொடங்கினார். நான் ஏணியில் ஏறி, மணிக்குப் பக்கத்துச் சாளரத்தில் கருவியை வைத்து, காற்றுச் சத்தம் விழாமல் மேலே உறையைப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அவர் குரல் முணுமுணுவென்று கேட்டது. என்ன சொல்கிறார் என்று நான் கவனிக்கவில்லை.

“போட்டாச்சு” என்றார்.

காதில் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

அவர் அடித்த விதத்தை இப்போது எப்படிச் சொன்னாலும் பொருந்தாது. ஒரு அடி. அது முழங்கி, மெலிந்து, நூலாகி, இல்லாமல் போகும்வரை காத்திருந்தார். பிறகு அடுத்தது. அவசரமே இல்லை. நான் போன எந்த ஊரிலும் அப்படிச் சுத்தமான சத்தம் கேட்டதில்லை. மயிர் சிலிர்த்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கையால் சைகை காட்டினேன். அவரும் அடித்தார். நன்றாக அடித்தார். கேட்பதற்கு ஒரு ஆள் வந்திருக்கிறது என்ற சந்தோசத்தில் அடித்தார்.

வெளியே வந்தபோது தெரு வேறு மாதிரி இருந்தது.

கோயிலுக்கு எதிரே சித்தி பரீதா என்ற முஸ்லிம் பெண்ணின் ஆப்பக் கடை. அவர் கடைப் பலகையைச் சாத்திவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடந்து போனார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், வெள்ளைச் சேலை. வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பி, மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு போனார்கள். ஒரே திசை. மடத்துப் பக்கம்.

மெல்ரோய் போனை எடுத்துப் பார்த்தார். அவர் போட்ட செய்திக்குப் பக்கத்தில் நேரம் காட்டும் சின்ன மணிக்கூட்டின் அடையாளம் நின்றது. போகவில்லை. பிரெஞ்சுச் சுவாமிமாரின் சுவர் அதை வெளியே விடவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மணிக்கூடு மறைந்து, போய்விட்டது என்று காட்டும் அடையாளம் விழுந்தது.

“போயிட்டுது” என்றார், ஒரு மூச்சு விட்டு. பிறகு அவர் முகம் வெளிறியதை நான் கண்டேன். “ஐயோ, நான் அதில அக்காவின்ர பேரைச் சொன்னனான்.”

ஓடத் தொடங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

இன்பமலர் அக்காவின் முற்றம் நிறைந்திருந்தது. ஜெயகாந்தன் அண்ணர் படியில் நின்று, சத்தம் போடாமல், இரண்டு கையாலும் எல்லாரையும் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மருந்து குடித்து நித்திரையாகியிருந்தாராம். மணி அவருக்குக் கேட்கவில்லை. ஆட்கள் வந்த அரவத்தில்தான் எழும்பியிருக்கிறார். நாங்கள் வாசல் படலையடிக்கு வரும்போது அவர் புருசனுக்குப் பின்னால், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒப்பாரிக்கென்று வாயைத் திறந்த ஒரு பெண் அப்படியே நின்றுவிட்டார்.

அப்போது போன்கள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுத்தன. யாரோ பதற்றத்தில் தொட்டுவிட்டார்கள். மெல்ரோயின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது.

“நான் மெல்ரோய் கதைக்கிறன். இப்ப கோயில் மணி துக்கமணி மாதிரி அடிக்கும். ஒருத்தரும் பயப்பிட வேண்டாம். வெளிநாட்டில இருந்து வந்த ஒரு பிள்ளை சத்தம் பதியுது. மலரக்காவாக்கும் எண்டு நினைச்சு ஓடி வந்திடாதேங்கோ. அவ இன்னும் இருக்கிறா. இண்டைக்கும் என்னோட கதைச்சவ.”

அந்தப் போனை ஒருவர் தட்டுத்தடுமாறி நிறுத்தினார். முற்றத்தின் மறுபக்கத்தில் இன்னொரு போன் அதையே முதலிலிருந்து சொல்லத் தொடங்கியது. அதையும் யாரோ பொத்தினார்கள்.

இன்பமலர் அக்கா கூட்டத்துக்குள் மெல்ரோயைத் தேடிப் பிடித்தார்.

“இன்னும் எண்டா என்ன, மெல்ரோய்?”

அவர் மந்தக் காதைத் திருப்பவில்லை. தலையைக் குனிந்து வெள்ளைச் சேட்டின் பொத்தானையே பிடித்துக்கொண்டு நின்றார். பேசவேண்டியவள் நான். ‘நான்தான் கேட்டு அடிப்பித்தேன்’ என்று ஒரு வசனம் போதும். நான் பேசவில்லை. அந்த முற்றத்தில் என்னைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் என்னைப் பார்க்காமலிருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அக்கா ஒவ்வொருவராகப் பார்த்தார். சேலைகளைப் பார்த்தார். “எல்லாரும் உடுத்திக்கொண்டு வந்திருக்கிறியள். வெள்ளை, பெட்டியடியில கிடக்கிற சேலை. எடுத்து உதறி உடுத்த நேரம் செல்லுமே. முந்தியே எடுத்து வச்சிருந்தனீங்களோ?”

சித்தி பரீதா முன்னால் வந்து அவர் கையைப் பிடித்தார். “கோவிச்சிக்காத மலர். மணி கேட்டிச்சி. நான் வேறென்னத்த நெனக்கிற?”

“ஓம்” என்றார் அக்கா. “நீ வேறென்ன நினைக்கிறது.”

அவர் அழுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குப்பை கிடந்த முற்றத்தையும், கொடியில் காய்ந்த உள்ளுடுப்பையும் பார்த்தார். அவருடைய முகம் சிவந்தது. “வீடும் கூட்டேல்ல. இவ்வளவு பேர் வந்திருக்கிறியள், வீடும் கூட்டாமக் கிடக்கு.” அந்த வெட்கத்தைக் கண்டதும் நான் படலையடிக்குப் பின்வாங்கினேன். சாகாமல் இருந்ததற்காக, வந்தவர்களை வீணாக வரப்பண்ணியதற்காக, அவர் வெட்கப்பட்டார்.

“இஞ்சேருங்கோ,” என்று புருசனைக் கூப்பிட்டார், “ஆக்களை நிக்கவிடாம கதிரையை எடுத்துப் போடுங்கோ. ஆராவது குசினிக்குள்ள போய்த் தேத்தண்ணி வையுங்கோ.”

ஒருவருக்கும் குடிக்க மனம் வரவில்லை. ஆனாலும் குடித்தார்கள். வெள்ளைச் சேலையோடு, கோப்பையைப் பார்த்துக்கொண்டு. ஒரு பெண் முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்து வைத்திருந்தார். அக்கா அதைக் கண்டுவிட்டார்.

“என்னது?”

“மெழுகுதிரி, அக்கா.”

“தா. கரண்ட் போனாப் பத்தவைப்பம்.”

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டது அதன் பிறகுதான். நான் படலையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“பிள்ளை, பதிஞ்சனீயெல்லே? அதைப் போடு.”

“வேண்டாமக்கா.”

“எனக்கு அடிச்சது எனக்கே கேக்கேல்ல. நித்திரையாப் போனன். போடு.”

போட்டேன். முற்றத்தில் எல்லாரும் மறுபடியும் அதைக் கேட்டார்கள். அக்கா கண்ணை மூடவில்லை. கடைசி அடி அடங்கும்வரை, அது அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம், அசையாமல் இருந்தார். பிறகு, “கடைசி அடி பலம் காணாது. நீ ஒழுங்காச் சாப்பிடுறேல்ல, மெல்ரோய்” என்றார்.

மெல்ரோய் அந்த இடத்திலேயே குந்தி, முழங்காலுக்குள் முகத்தை வைத்து அழுதார். ஐம்பது வயது மனிதர் ஊருக்கு முன்னால் அப்படி அழுததை ஒருவரும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

“றஜிதாவுக்குச் சொல்லுங்கோ,” என்று அக்கா புருசனிடம் சொன்னார். “இண்டைக்கே சொல்லுங்கோ. இனி அவளுக்கு ஏன் ஒளிக்கிறது.”

அன்றே திருகோணமலை பஸ்ஸில் ஏறியிருக்கலாம். உண்மையில் தெருமுனைவரை போனேன். பஸ்ஸும் வந்தது. ஏறவில்லை. ஒவ்வொரு ஊரையும் விட்டு அப்படித்தான் ஏறிப் போயிருக்கிறேன், திரும்பிப் பாராமல். அந்த முறை காலெடுத்து வைக்கத் துணிவு வரவில்லை. சித்தி பரீதா தன் கடையின் பின்னறையில் படுக்க இடம் தந்தார். தரும்போது ஒன்று சொன்னார்: “எங்கட பள்ளியில தொழுகைக்குச் சொல்ற வாங்கும் அந்த மணியும்தான் புள்ள எனக்கு மணிக்கூடு. கேக்க ஆளில்லண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?”

மெல்ரோய் அன்று பின்னேரமே பங்குச் சுவாமியிடம் கோயில் திறப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சுவாமி அன்று முழுக்க ஆயரின் மேற்றிராசனக் கூட்டத்தில் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, திறப்பை மேசையில் வைத்து அவர் பக்கமே தள்ளிவிட்டார். “ஆறு மணியாகுது, போய் அடியும்” என்று மட்டும் சொன்னாராம். அந்த மாலை செபமணி கேட்டதும் வீடுகளின் படலைகள் திறந்தன. ஆட்கள் வெளியே வந்து, வழக்கமான அடிதானா என்று காது கொடுத்து நின்றார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். கல்யாணத்துக்கு அடித்தபோதும் படலைக்கு வந்தார்கள்.

அவர் இன்பமலர் அக்காவின் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஓட்டோவில் ஆள் ஏற்றினால்கூட அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவார். ஜெயகாந்தன் அண்ணர் அவரைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பினார். என்னைத் திட்டினார், அதுவே எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மெல்ரோயை அவர் திட்டவும் இல்லை.

“நான்தானே அண்ணன் கேட்டனான்” என்று ஒருநாள் மெல்ரோயிடம் சொன்னேன். “நானே போய் எல்லாருக்கும் சொல்லுறன்.”

“நீங்கள் கேட்டீங்கள். அடிச்சது ஆர்?” என்றார். “எனக்குத் தெரியாததோ, தங்கச்சி? ஒருத்தர் கேட்டவுடன கையைக் குடுத்திட்டன்.”

அக்கா என்னை வரச் சொல்லி அனுப்பினார். படுக்கையில் இருந்தார். அதற்குள் இன்னும் மெலிந்திருந்தார். “அவன்ர வெள்ளைச் சேட்டைக் கொண்டு வா. கழுத்துப்பட்டி இத்துப் போய்க் கிடக்கு, அண்டைக்குக் கண்டனான்.” கொண்டுபோய்க் கொடுத்தேன். கழுத்துப்பட்டியைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மறுபடி தைத்தார். ஒரு நாளில் முடியும் வேலை அவருக்குப் பல நாள் எடுத்தது. ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பது என் வேலை. தைத்து முடித்துப் பல்லால் நூலைக் கடித்தபோது சொன்னார்: “எனக்கு அடிக்கேக்க இதைப் போட்டுக்கொண்டு அடிக்கச் சொல்லு. கிழிஞ்ச கழுத்தோட நிண்டு அடிச்சா எனக்கு மரியாதையில்லை.”

மெல்ரோயிடம் சேட்டையும் கொடுத்து, சொன்னதையும் சொன்னேன். அவர் கழுத்துப்பட்டியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் துணிப்பைக்குள் வைத்தார். மறுநாள் காலை அவருடைய ஓட்டோ மடத்துக்குப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றது.

றஜிதா டோஹாவிலிருந்து வந்து சேர்ந்தாள். தாயோடு கொஞ்ச நாள் இருக்கக் கிடைத்தது. மணி பிழையாக அடித்ததால்தான் மகள் வந்தாள் என்று ஊரில் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்பவர்கள் என்மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ள நான் துணியவில்லை. றஜிதா என்னோடு ஒரே ஒருமுறைதான் கதைத்தாள். “அம்மா பீடச்சீலை தைக்க ஆசையா இருந்தவ. அண்டையில இருந்து அந்தத் துணியைத் தொடேல்ல” என்றாள்.

மாதா திருநாளுக்கு முன்னரே, ஒரு பகல் நேரம், அக்கா இறந்துபோனார். நான் கடைக்குப் பின்னால் தனியே இருந்து சித்தி பரீதாவுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மெல்ரோய் ஓட்டோவைக் கோயிலடியில் நிறுத்தி, சேட்டை மாற்றி, பொத்தானை மேல்வரை பூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, ஒரு உதவி. வாசலில நில்லுங்கோ. நான் அடிக்க, ஆக்கள் என்னட்டத்தான் வருவினம், மெய்யோ எண்டு கேக்க. உள்ளுக்குப் போனும் வேலை செய்யாது. இடையில விட்டுட்டு வந்து சொல்ல எனக்கு ஏலாது. அக்காவுக்கு அடிக்கிறது, இடையில நிக்கக்கூடாது.”

போனேன். மணிக்கூண்டின் சின்னக் கதவுக்கு வெளியே நின்றேன்.

முதல் அடி விழுந்தது. தெருவில் படலைகள் திறந்தன. ஆனால் மடத்துப் பக்கம் ஒருவரும் போகவில்லை. கையில் போனோடு, கையில் பிள்ளையோடு, கோயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளைச் சேலை ஒருவரும் உடுத்தியிருக்கவில்லை. பிறகு மெதுவாக, கோயிலை நோக்கி வரத் தொடங்கினார்கள். கடையைச் சாத்தாமல், கையைத் துடைத்துக்கொண்டு, சித்தி பரீதாதான் முதலில் வந்தார்.

“மெய்தானா புள்ள?”

“ஓம், மெய்தான்.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்தவர் வந்தார். அவருக்கும் அதையே சொன்னேன். வலைக்காரர்கள் வந்தார்கள், மெழுகுதிரி கொண்டுவந்த அந்தப் பெண் வந்தார். ஒவ்வொருவரும் அதையேதான் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னேன். எனக்குப் பின்னால் மெல்ரோய் ஒரு அடி அடித்து, அது முழுதாக அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததை அடித்தார். கடைசி அடிக்குப் பலம் இருந்தது.